ஆமை விழவேண்டிய இடம்

மூன்றாம் வகுப்பு ஜேனுக்கு நான் பள்ளிக்கூடத்துக்குள் சார். கேட்டைத் தாண்டினால் மாமா. அவளுடைய அம்மா மெட்டில்டா என் கூடப் பிறந்த தங்கை. மெட்டில்டாவுக்கு மட்டும் நான் கேட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷமாக அவள் என்னோடு பேசுவதில்லை.

பேசுவதில்லை என்பதற்காகச் சேதி இல்லாமல் இருக்குமா? மைசூரில் எங்கள் குடும்பம் என்று மிஞ்சியிருப்பது நாங்கள் மூன்று பேர்தான். எல்லாச் சேதியும் ஜேன் வழியாக வரும்.

"மாமா, அம்மா சொல்லச் சொன்னாங்க. ஞாயித்துக்கெழம அப்பாவுக்குப் பூசை வச்சிருக்கு. வர்றதா இருந்தா வரலாமாம்."

"வரேன்னு சொல்லு."

"வரலன்னாலும் பரவாயில்லையாம்."

"இதையும் அம்மாதான் சொன்னாளா?"

"ஆமா. ரெண்டையும் சேத்துச் சொல்லச் சொன்னாங்க."

எட்டு வயதில் அவளுக்கு இது ஓர் உத்தியோகம். ஒரு சொல் கூட்டுவதில்லை, ஒரு சொல் குறைப்பதில்லை. நான் பதிலுக்கு ஏதாவது வேடிக்கை சேர்த்துச் சொன்னால் அதை மட்டும் வழியிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று சந்தேகம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நானே சொன்னால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிக்கொள்ளலாம் என்று பலமுறை முயன்று பார்த்தாயிற்று, கதை ஒத்துழைப்பதில்லை.

என் பெயர் பர்னபாஸ். தொடக்கப் பள்ளியில் தமிழ் வாத்தியார். ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் நாக்கில் சாமியார் ஒரு கல் உப்பு வைப்பார். எனக்கு அன்று கை தவறி ஒரு பிடி விழுந்திருக்க வேண்டும். நாற்பத்தோரு வயதாகியும் நாக்கு அரிப்பு அடங்கவில்லை. யார் எப்படி நடப்பார், யார் எப்படித் தும்முவார், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்ப்பார், எல்லாம் செய்து காட்டுவேன். கல்யாண வீடுகளில் எனக்கு முதல் பந்தியிலேயே இடம் உண்டு. சாவு வீடுகளில் என்னைச் சற்றுத் தள்ளி உட்காரவைப்பார்கள்.

மெட்டில்டாவின் கணவர் மதலைமுத்து மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தார். நல்ல தச்சர். அவருக்கு ஓர் இருமல் இருந்தது. முதலில் சின்னதாக இரண்டு, பிறகு ஒரு இழுப்பு, பிறகு பெரிதாக ஒன்று, கடைசியில் "ஏசுவே" என்று ஒரு பெருமூச்சு. ஐம்பத்திரண்டாம் வருஷம் ஈஸ்டர் விருந்தில், பிரியாணிக்கும் பாயசத்துக்கும் நடுவில், அந்த இருமலை நான் செய்து காட்டினேன். மேசை முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மதலைமுத்துதான். சிரித்துச் சிரித்து அவருக்கே இருமல் வந்துவிட்டது. அதையும் நாடகத்தின் ஒரு பகுதி என்று எண்ணி மறுபடி சிரித்தோம். மெட்டில்டா மட்டும் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஈஸ்டர் கழிந்து நாற்பதாம் நாள் மதலைமுத்து இறந்துபோனார்.

மெட்டில்டா ஆஸ்பத்திரி நர்ஸ். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும்போதே, அவர் பிழைக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "பண்டிகை முடியட்டும், யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் கேட்டுக்கொண்டாராம். எனக்கு இதெல்லாம் அடக்கத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லையா என்றால், கேட்கத்தான் போனேன். அதுதான் இன்னும் மோசம். ஏழாம் நாள், வீடு நிறையப் பெண்கள். அவள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். "மேல இருக்கறவருக்கும் கண்ணாடி போடற வயசு வந்துருச்சு மெட்டி. என்னைக் கூப்பிட வந்தவரு ஆளை மாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றேன். என் துக்கம் அப்படித்தான் வெளியே வந்தது. இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மெட்டில்டா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து, அதன் பக்கத்திலேயே நின்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஜேன் வழிதான்.

ஐம்பத்து நான்காம் வருஷம் பிப்ரவரியில் எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி வருவதாகச் சேதி வந்தது. அதுவரை எங்கள் மேடையில் புனிதர்களும் ராஜாக்களும்தான் நடமாடியிருக்கிறார்கள். "சுதந்திர தேசத்துப் பிள்ளைங்களுக்கு நம்ம தேசத்துக் கதை வேணும்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காராம். மிருகக் கதையா ஒண்ணு நாடகமாக்குங்க, பர்னபாஸ். நீதி கட்டாயம் இருக்கணும்" என்றார் தலைமையாசிரியர்.

பிற ஊர்களில் கதை எப்படித் தேர்ந்தெடுப்பார்களோ தெரியாது. எங்கள் பள்ளியில் உடுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம். கிறிஸ்துமஸ் குடில் நாடகத்துக்கான பெட்டி அது. சிங்கமும் முயலும் போடலாம் என்றால் பிடரிமயிர் இல்லை. மூன்று ராஜாக்களின் தாடிதான் இருந்தது, அதிலும் ஒன்றை எலி கடித்திருந்தது. குரங்கும் முதலையும் என்றால் ஆற்றுக்கு எங்கே போவது? பெட்டியில் உருப்படியாக இருந்தவை இரண்டு ஜோடி சம்மனசு இறக்கைகள், தேவதூதர் வேஷத்துக்கானவை.

இறக்கை இருந்தால் பறவை. இரண்டு ஜோடி என்றால் இரண்டு பறவை. ஆக, கம்பை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு அன்னங்களோடு வேறு குளத்துக்குப் பறந்த ஆமையின் கதை. வழியில் ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்ய, ஆமை பதில் சொல்ல வாயைத் திறந்து, கீழே விழுந்து செத்துப்போகும். வாயை அடக்கு என்பது நீதி. இதை நாடகமாக்க இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் யார்?

அந்த இறக்கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மதலைமுத்து செய்தவை. மில்லிலிருந்து மெல்லிய பட்டைகள் கொண்டுவந்து வளைத்து, மல்துணி ஒட்டி, ஓரத்தில் காகிதத்தைக் கத்தரித்து இறகாக அடுக்கியிருந்தார். சம்மனசுகள் ஆண்டுதோறும் இடம் வலம் மாற்றிக் கட்டிக்கொண்டதால் தோள்வாரின் உள்பக்கம் பென்சிலால் 'இடது', 'வலது' என்று எழுதிவைத்திருந்தார். கிறிஸ்துமஸ் பூசைக்கு முன்னால் இவற்றைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகள் குழந்தை ஏசுவைச் சின்னப் பல்லக்கில் வைத்து, கோயிலின் நடுவழியே தூக்கி வருவார்கள். ஓரடி, ஒரு நிறுத்தம், ஓரடி. சனங்கள் எழுந்து நிற்பார்கள். பல்லக்கு பக்கத்தில் வரும்போது விரலால் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொள்வார்கள். நடுவழி முடிகிற இடத்தில் குடில். அங்கே பல்லக்கை இறக்குவார்கள். நான்கு வருஷமாக அந்தச் சம்மனசுகள் ஐந்தாம் வகுப்பு லூர்துராஜும் மோலியும். அவர்களையே அன்னங்களாக்கினேன். இறக்கை அளவு சரியாக இருந்தது.

ஆமையைத் தேர்ந்தெடுத்தது பல். மூன்றாம் வகுப்பில் முப்பது பேர்; முன்பல் முழுசாக இருந்தது நான்கு பேருக்கு. அதில் கம்பைக் கவ்விக்கொண்டு நடக்கிறபோது சிரிக்காமல் இருந்தது ஒருத்திதான், ஜேன்.

மறுநாள் அவள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். "அம்மா சொல்லச் சொன்னாங்க. கம்பை அப்படியே வாயில வைக்கக் கூடாதாம். இந்தத் துணியச் சுத்தணுமாம். கொதிக்க வச்சதாம்." பொட்டலத்துக்குள் நான்கு விரல் அகலக் கட்டுத்துணி, சுருட்டி மடித்து.

ஆமைக்கு ஓடு வேண்டுமே. சனிக்கிழமை தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டில் வாழைப்பழ மண்டி வைத்திருந்த கெம்பையன் எனக்குப் பழக்கம்.

"கெம்பையா, ஒரு கூடை இரவல் வேணும். வட்டமா, ஆழம் கம்மியா."

"யாக்ரீ மேஷ்ட்ரே, எதுக்கு? வீட்டுல விசேஷமா?"

"ஆமைக்கு."

"ஆமைக்கா? ஆமை பழம் தின்னுதா?"

"முதுகுல மாட்ட."

கெம்பையன், வாத்தியார்களுக்கு இப்படி வருவது உண்டு என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடை ஒன்றைத் தட்டிச் சருகை உதிர்த்துக் கொடுத்தான். "ஆமை என்ன ஆச்சுன்னு வந்து சொல்லணும், ஆய்த்தா, சரியா?" என்றான்.

முதலில் நான் எழுதிய முடிவில் ஆமை சாகவில்லை. பிள்ளைகள் நாடகம்தானே என்று, விழுகிற ஆமை வைக்கோல் போரில் விழுந்து பிழைப்பதாக எழுதியிருந்தேன். கணக்கு வாத்தியார் செலுவநாராயணன் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மேலக்கோட்டைக்காரர். பழைய கதைகள் எல்லாம் அவருக்குப் பிதுரார்ஜித சொத்து மாதிரி. பிறத்தியார் கைவைத்தால் பொறுக்காது.

"ஓய் பர்னபாஸ், இது என்ன வைக்கோல் போர்?"

"பிள்ளைங்க பயப்படக் கூடாதேன்னு..."

"பயப்படட்டும். அதுக்குத்தான் கதை. எத்தனையோ நூறு வருஷமா விழுந்துண்டிருக்கற ஆமை, உம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்து வைக்கோல்ல படுத்துக்கணுமோ?"

"ஒரு ஆமை பிழைச்சா யாருக்கு நஷ்டம்?"

"பேசினா பலன் உண்டுன்னு தெரிய வேண்டாமா? உமக்கே தெரியலையே, பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே வைக்கோல் போரை அடித்துவிட்டேன். மேடையில், ஆமை விழவேண்டிய இடத்தில், சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தேன்.

ஒத்திகைகள் நடந்தன. மோலியும் லூர்துராஜும் இடுப்புயரத்தில் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் ஜேன் குனிந்து, முதுகில் கூடையோடு, கம்பைக் கவ்விக்கொண்டு நடப்பாள். பறக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகக் கால்விரல்களில் நடக்கச் சொல்லியிருந்தேன். குறி வந்ததும் வாயைத் திறந்து, "போங்கடா, உங்களுக்குப் பொறாமை!" என்று கத்திவிட்டு மல்லாக்க விழ வேண்டும். கூடை அடியில் இருப்பதால் விழுந்ததும் ஒரு சுற்றுச் சுற்றுவாள். ஒத்திகைக்கு ஒத்திகை பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒருநாள் கூடைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "சார், ஆமை விழுந்ததுக்கு அப்புறம் அன்னம் ரெண்டும் கீழ வந்து பாக்காதா?"

"கதையில இல்லியேம்மா."

"ஏன் இல்ல?"

"கதை அதோட முடிஞ்சிருச்சு."

"ஆமைக்கு முடிஞ்சிருச்சு. அன்னத்துக்கு முடியலியே? அதுங்க ஆமைகூட அப்புறம் பேசவே பேசாதா?"

"செத்த ஆமைகூட யார் பேசுவாங்க?"

"சும்மா அடிபட்டிருந்தா?"

என்னிடம் எந்தக் கேள்விக்கும் ஒரு வேடிக்கை இருக்கும். "அடிபட்டிருந்தா உங்க அம்மாவை வரச்சொல்லி ஊசி போடலாம்" என்றேன். ஜேன் சிரிக்கவில்லை. ஈஸ்டர் அன்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனவளின் முகம் அப்படியே அங்கே இருந்தது, எட்டு வயது அளவில்.

"உங்க அம்மா நாடகத்துக்கு வராளா?" என்று கேட்டேன், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"டூட்டியாம். முடிஞ்சா வருவாங்களாம். முடியலன்னாலும் பரவாயில்லன்னு நான்தான் சொன்னேன்."

ஆண்டுவிழா அன்று மாலை கூடத்தில் பெஞ்சுகள் இரண்டு வரிசையாக, நடுவில் வழி விட்டுப் போடப்பட்டிருந்தன, கோயிலில் இருப்பது போலவே. பங்கு சனங்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி முன்வரிசையில், கழுத்தில் மாலையைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத் திரை மறைவில் கையில் நாடகத்தோடு. எதிர்ப்பக்கம் செலுவநாராயணன், திரைக் கயிற்றோடு. மேடைக்குக் கீழே ஹார்மோனியத்தில் பாட்டு டீச்சர்.

குளம் வற்றியது. ஆமை அழுதது. அன்னங்கள் யோசனை சொன்னன. எல்லாம் ஒழுங்காகப் போனது. கம்பு வந்தது, ஜேன் கவ்வினாள், மூவரும் கிளம்பினார்கள். ஊர்ப் பிள்ளைகளாக ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள்.

"டேய், ஆமை பறக்குதுடா!"

"பறக்கலடா, தொவச்சுக் காயப் போட்டிருக்காங்க!"

"எறக்கிச் சமைச்சா எத்தனை பேருக்கு வரும்?"

கூடம் சிரித்தது. என் வசனங்கள். சிரிப்பு வந்த திசையில் நான் எட்டிப் பார்த்தேன்; அது என் வழக்கம். அப்போதுதான் கூடத்தின் கடைசியில், வாசல் நிலையை ஒட்டி, வெள்ளைப் புடவையும் தலையில் நர்ஸ் தொப்பியுமாக மெட்டில்டா நிற்பதைப் பார்த்தேன். டூட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளும் அவளைப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

பெருக்கல் குறி வந்தது. ஜேன் அதன்மேல் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஊர்ப் பிள்ளைகள் திரும்பக் கத்தினார்கள். "டேய், ஆமை பறக்குதுடா! எறக்கிச் சமைச்சா எத்தனை பேருக்கு வரும்?"

ஆமை மூக்கால் மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

"ஏ ஆமே, மாத்தாடு!" என்றான் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவனான ஜடையன், நாடகத்தில் இல்லாத வசனம். பேசு என்று கன்னடத்தில் சொன்னால் ஒருவேளை பேசும் என்று நினைத்தானோ என்னவோ. இன்னொருத்தி கிட்டே போய், "ஏய் ஜேன், விழுடி, எனக்கு அடுத்து டான்ஸ் இருக்கு" என்றாள்.

நான் திரைக்குள்ளிருந்து, "ஜேன், போங்கடா... போங்கடா..." என்று எடுத்துக்கொடுத்தேன். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பல்லில் கம்பு, தலை ஆடினால் கம்பு ஆடும், கம்பு ஆடினால் அன்னங்கள் ஆடும். மூன்று பேருமாகச் சேர்ந்து எனக்கு மாட்டேன் என்று சொன்னார்கள்.

"விழச் சொல்லும் ஓய்!" எதிர்ப்பக்கத்திலிருந்து செலுவநாராயணன்.

"விழ மாட்டேங்குது!"

"கதை நின்னுபோச்சே! நான் திரையை விடறதா, வேண்டாமா?"

பாவம், அன்னங்கள். ஆமை விழுந்தால்தான் அவர்களுக்கு வெளியே போகும் வழி. நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். விழாத ஆமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மோலி லூர்துராஜைப் பார்த்தாள். லூர்துராஜ் மோலியைப் பார்த்தான். தோளில் அந்த இறக்கை. கையில் சுமை. எதிரே நடுவழி, இரண்டு பக்கமும் சனங்கள். நான்கு வருஷம் பழகிய கால்கள் அவை. ஓரடி, ஒரு நிறுத்தம், ஓரடி. மேடைப் படிகளில் இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

பாட்டு டீச்சர் நிமிர்ந்தார். இறக்கைகள் நடுவழிக்குள் நுழைவதைக் கண்டதும் அவர் விரல்கள் தாமாகவே கிறிஸ்துமஸ் ராகத்தை வாசிக்க ஆரம்பித்தன. பிப்ரவரி மாதம்!

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தார். பிறகு அந்த வரிசை. பிறகு எல்லாரும். இந்தப் பழக்கமே தெரியாத இன்ஸ்பெக்டர், சனங்கள் எழுவதைக் கண்டு தேசிய கீதம் என்று முடிவு செய்து, கைகளைத் தொடையோடு ஒட்டி விறைப்பாக நின்றார். அந்த வருஷங்களில் யாரும் ஆபத்துக்கு இடம் கொடுப்பதில்லை. கூட்டம் எழுந்தால் எழுந்துவிடுவது.

ஆமை நடுவழியே வந்தது. பக்கத்தில் வரும்போது ஒரு பெண் கையை நீட்டிக் கூடையைத் தொட்டு விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார். பின்னாலிருந்தவளும் ஒற்றிக்கொண்டாள். கெம்பையனின் வாழைப்பழக் கூடையை எங்கள் பங்கு முழுக்கத் தொட்டு முத்தமிட்டது. "என்னக்கா, இது ஆமை இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள். "சும்மா இரு, எல்லாரும் தொடறாங்க" என்றது இன்னொரு குரல்.

நான் மேடையிலிருந்து குதித்துப் பின்னாலேயே ஓடினேன். ஓடினேன் என்று சொல்லக் கூடாது. ஓரடி, ஒரு நிறுத்தத்துக்குப் பின்னால் ஓடவா முடியும்? நானும் ஓரடி, ஒரு நிறுத்தமாகப் போனேன், கையில் நாடகத்தைப் பூசைப் புத்தகம் மாதிரி பிடித்துக்கொண்டு. முன்னால் ஜேனின் குதிகால்கள் தெரிந்தன. அத்தனை தூரமும் அவள் குதிகாலைத் தரையில் வைக்கவில்லை. பறந்துகொண்டுதான் இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கட்டுத்துணி எச்சிலில் நனைந்திருந்தது. அப்போது எனக்குள் யாரும் வேடிக்கை பேசவில்லை. விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவழி முடிகிற இடத்தில் மெட்டில்டா நின்றாள்.

குடிலில் நிற்பது போல அன்னங்கள் நின்றன. கம்பை இறக்கின. ஜேன் குதிகாலை ஊன்றி, வாயைத் திறந்து, மூச்சு வாங்கினாள்.

"அம்மா, கொளம் வந்துருச்சு" என்றாள்.

மெட்டில்டா முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். மகளின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, நர்ஸ் பார்க்கிற மாதிரி பல்லைப் பார்த்தாள். பிறகு மோலியின் தோள்வார் நழுவியிருந்ததைக் கண்டு சரிசெய்யப் போனவள், கை நின்றது. உள்பக்கம் பென்சில் எழுத்து. 'இடது.' கட்டைவிரலால் அதை ஒருமுறை தடவினாள். தேய்ந்துவிடப் போகிறதே என்பது போல உடனே எடுத்துக்கொண்டாள். அப்புறம் கூடைக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். வரவில்லை. நிமிர்ந்தாள். நான் நின்றிருந்தேன்.

"என்ன முடிச்சு இது அண்ணா? பிள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. திட்டு. என் காதுக்கு ஹார்மோனியம் நின்றுபோனது.

நாக்கு நுனிக்கு மூன்று வேடிக்கைகள் வந்தன. மூன்றும் நல்லவை, ஒன்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, சொல்ல மாட்டேன். உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். 

"தப்புப் பண்ணிட்டேன் மெட்டி" என்றேன். அதற்கு மேல் சேர்க்கவில்லை.

அவள் கூடையை மகளின் முதுகிலிருந்து எடுத்தாள். "அவரு சிரிச்சாரு" என்றாள், கூடையைப் பார்த்துக்கொண்டே. "அதுக்கப்புறம் அப்படி ஒரு நாளும் சிரிக்கல. சிரிக்க வைக்க நான் எவ்வளவோ பாத்தேன். உனக்கு வந்துச்சு, எனக்கு வரல. அதத்தான் என்னால தாங்க முடியல அண்ணா. நீ இருமினதக்கூட நான் எப்பவோ விட்டுட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. எங்களைச் சுற்றிச் சனங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். யாராவது உட்கார்ந்தால் உட்காரலாம் என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் செலுவநாராயணன் ஒருவழியாகத் திரையை விட்டார்.

இன்ஸ்பெக்டர் பேசும்போது, "பஹள சென்னாகித்து" என்று மூன்று தடவை சொன்னார். ரொம்ப நன்றாக இருந்ததாம். எத்தனை பேர் கேலி செய்தாலும் பிடித்ததை விடாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே இந்தப் பழங்கதையின் நீதி என்று விளக்கினார். தலைமையாசிரியர் தலையாட்டினார். செலுவநாராயணன் என் காதருகே குனிந்து, "கதைப்படி சுத்தத் தப்பு ஓய்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தக் குழந்தை கால் விரல்லயே நடந்தது பாரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

கூடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மார்க்கெட் வழியாகத்தான் மெட்டில்டாவின் வீடும். மூன்று பேருமாக நடந்தோம். கூடை என் தலையில். விளக்கு வைக்கும் நேரம். பூக்காரர்கள் மிச்சப் பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் விழல?" என்று ஜேனைக் கேட்டேன்.

"விழலாம்னுதான் இருந்தேன். அம்மா வந்துட்டாங்க. விழுந்தா அம்மா உங்கமேலதான் கோவப்படுவாங்க, எழுதினது நீங்கதானே?" என்றாள். பிறகு யோசித்து, "அப்புறம் விட மனசு வரல" என்றாள்.

கெம்பையன் கடையை மூடிக்கொண்டிருந்தான். "மேஷ்ட்ரே! ஆமை என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெட்டில்டா, "ஊர் போய்ச் சேந்துருச்சு" என்றாள். கெம்பையன் சந்தோஷப்பட்டு ஜேனுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தான். பழத்தைக் கடிக்கையில்தான் தாடை வலிப்பதே அவளுக்குத் தெரிந்தது.

அவர்கள் சந்து திரும்புகிற இடம் வந்தது. இரண்டு வருஷமாக நான் நின்றுவிடுகிற இடம். பழக்கத்தில் நின்றேன். மெட்டில்டாவும் நின்றாள். என்னைப் பார்க்காமல், மகளைப் பார்த்துச் சொன்னாள். "உங்க மாமாகிட்ட சொல்லு, சாப்பாடு நம்ம வீட்லதான்னு."

நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"மாமா, அம்மா சொல்லச் சொன்னாங்க..."

"கேட்டுச்சும்மா."

"கேட்டாலும் நான்தான் சொல்லணும்" என்றாள் ஜேன். பழத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். "சாப்பாடு நம்ம வீட்லதான்."

"வரேன்னு சொல்லு" என்றேன்.

அவள் திரும்பி அம்மாவிடம் சொன்னாள்.